ரெஸ்யூம் கேட்ட கேள்வி

மதிவதனியின் தொழில் ரெஸ்யூம்களுக்குப் பாடம் நடத்துவது. ஆட்களுக்கு இல்லை, ரெஸ்யூம்களுக்கு. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் அவளுக்கு ஓர் அறை இருந்தது. கீழேயிருந்து தேங்காய் பன் வாசனை ஏறி வரும். அதன் பின்னாலேயே வேலை தேடுபவர்கள் ஏறி வருவார்கள். ‘ரெஸ்யூம் டீச்சர் எங்கே’ என்று யாராவது கேட்டால் பேக்கரிக்காரர் டீ ஆற்றிக்கொண்டே மோவாயால் மாடியைக் காட்டுவார்.

காகிதத்தில் ரெஸ்யூம் எழுதிய காலம் ஒன்று இருந்தது. எல்லாரும் கடின உழைப்பாளி, எல்லாரும் குழுவோடு ஒத்துப்போகிறவர், எல்லாருக்கும் பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது. கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மையென உறுதி கூறுகிறேன்’ என்று கையெழுத்தோடு ஒரு பச்சைப் பொய். இவற்றைப் படித்துப் படித்துச் சலித்துப்போன கம்பெனிகள், படிக்கும் வேலையை மெஷின்களிடம் கொடுத்தன. ஆட்களுக்கு மட்டும் என்ன தலையெழுத்தா? அவர்களும் எழுதும் வேலையை வேறு மெஷின்களிடம் கொடுத்தார்கள். ஒரு மெஷின் எழுதிய பொய்யை இன்னொரு மெஷின் படித்துப் பாராட்டிய கூத்து சில வருஷம் நடந்தது. பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டு, பதிவகம் என்று ஒன்றைத் திறந்து, காகிதத்துக்கு மூடுவிழா நடத்தியது.

இப்போதைய ரெஸ்யூம் பேசும். பதிவகத்துக்குச் சம்மதம் கொடுத்தால் போதும். நீங்கள் வேலையில் எடுத்த போன்கள், அனுப்பிய மெயில்கள், வாங்கிய திட்டு, கேட்ட லீவு எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக் கலக்கி, உங்கள் குரலிலேயே ஒரு குரலைச் செய்து தந்துவிடும். இண்டர்வியூவுக்குப் போவது அந்தக் குரல்தான். அந்தப் பக்கம் கம்பெனியின் தேர்வு மெஷின் உட்கார்ந்திருக்கும். நீங்கள் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்கும், கைநழுவினாலும் நழுவும்.

அந்தக் குரலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் எதை முதலில் சொல்வது, எதைக் கேட்டால் மட்டும் சொல்வது என்ற சாமர்த்தியமும் தெரியாது. அதற்குத்தான் மதிவதனி. சுருக்கமாகச் சொல் என்பாள். பொறுப்பாக இருந்தேன் என்று இழுக்காதே, என்ன செய்தாய் என்று சொல். எந்தக் கம்பெனிக்குப் போகிறாயோ அதற்கு வேண்டியதை முன்னால் வை. நடுவில் வேலையில்லாமல் இருந்த காலத்தை மறைக்காதே. அவர்களாகத் தோண்டுவதற்குள் நீயே ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. இதெல்லாம் ஊரில் உள்ள எல்லா டீச்சர்களும் சொல்லித்தருவதுதான். மதிவதனிக்கென்று தனியாக ஒரு பாடம் இருந்தது. கடைசியில் அந்த மெஷின் ‘எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா’ என்னும்போது, ஒன்றுமில்லை என்று எழுந்து வரக்கூடாது. அங்கே வேலை செய்யும் மனிதர்களை விசாரிக்க வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் ஆடு மாடு வரைக்கும் சௌக்கியம் விசாரித்துவிட்டுத்தானே இந்தப் பக்கத்தில் வந்த காரியத்தைப் பேசுகிறோம், ரெஸ்யூம் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்ததா என்பது அவள் கட்சி.

அந்தப் பாடத்தால் வந்த வினை என்னவென்று அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது, கௌசிகா மறுபடியும் படியேறி வந்த அன்றுதான்.

கௌசிகா ஒரு பம்ப் கம்பெனியில் புகார் போன்களை எடுத்துக்கொண்டிருந்தவள். கிணற்று மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிடுகிற விவசாயிகளோடு பேசுவது அவள் வேலை. ஒருநாள் அந்த போன்களை எல்லாம் கம்பெனி மெஷினிடம் கொடுத்துவிட்டு, பிரிவையே மூடிவிட்டது. அதிலிருந்து மகளோடு பீளமேட்டில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன் நல்லவர். அண்ணியும் கெட்டவள் இல்லை. ஆனால் இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது என்று கௌசிகா ஒருமுறை சொல்லியிருந்தாள். பத்தாவது படிக்கும் மகள் அதைக் கவனித்துவிட்டு, தானும் ஒரு தடவையோடு கைகழுவ எழுந்துவிடுகிறாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து மதிவதனிக்கு இந்தப் பெண்ணுக்கு எப்படியாவது வேலை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரே வைராக்கியம்.

“மறுபடியும் இல்லைன்னுட்டாங்கக்கா,” என்று கௌசிகா நாற்காலியில் சாய்ந்தாள். “அன்னூர்ப் பக்கம், கோழித்தீவனக் கம்பெனி.”

“வெசனப்படாத கண்ணு. அடுத்தது பாக்கலாம்.”

“அடுத்ததுதான் கடைசிக்கா. பதிவகத்துல இருந்து சொல்லிட்டாங்க. இன்னொரு தடவ இல்லைன்னு வந்தா ரெஸ்யூம மூடிருவாங்களாம். அப்பறம் மூணு வருசத்துக்கு எங்கயும் போக முடியாது.”

அப்படி ஒரு சட்டம் இருக்கத்தான் செய்தது. திரும்பத் திரும்பத் தோற்கிற ரெஸ்யூம்கள் கம்பெனி மெஷின்களின் நேரத்தை வீணாக்குகின்றனவாம். வேலை கிடைக்காததற்குத் தண்டனை, வேலை கிடைக்காமலே இருப்பது. அந்தச் சட்டத்தை எழுதியவருக்கு நல்ல வேலை ஒன்று இருந்திருக்க வேண்டும்.

“அடுத்தது எங்க?”

“அவிநாசி ரோட்ல, சொட்டுநீர்க் குழாய் கம்பெனி. அதே புகார் போன் வேலைதான். அதுதாங்க்கா ஆச்சரியம். எல்லாரும் மெஷின வெச்சு ஆள நிறுத்தறாங்க, இவங்க ஆள் தேடறாங்க.”

“அது வரட்டும். மொதல்ல இது ஏன் போச்சுன்னு பாப்போம். பதிவு வெச்சுருக்கியா?”

இண்டர்வியூவின் ஒலிப்பதிவு விண்ணப்பித்தவருக்குச் சொந்தம். ஆனால் தோற்ற இண்டர்வியூவை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? கௌசிகாவும் கேட்டதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள். ரெஸ்யூம் அழகாகப் பேசியது. அளவாகப் பேசியது. இடைவெளியை ஒரே வரியில் தாண்டியது. மதிவதனிக்குத் தன் மாணவியை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

“உங்கள் பதில்கள் திருப்தியாக இருந்தன,” என்றது கோழித்தீவன மெஷின். “எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?”

“ஒண்ணே ஒண்ணுங்க,” என்றது கௌசிகாவின் குரல். “எனக்கு முன்னால இந்த வேலைல இருந்தவங்க இப்ப எப்படி இருக்காங்க?”

மெஷின் பேசவில்லை. ஒலிப்பதிவு அறுந்துவிட்டதோ என்று மதிவதனி கையை நீட்டும் அளவுக்கு நேரம் ஆனது. பிறகு, “விவரம் அறிந்து தெரிவிக்கிறோம், நன்றி,” என்று முடிந்துபோனது.

முந்தைய பதிவுகளில் சிலவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். பல்லடம், திருப்பூர், பொள்ளாச்சி. எல்லாவற்றிலும் கடைசியில் அதே கேள்வி, அதே மௌனம், அதே நன்றி. ஒன்றில்கூட மாற்றமில்லை.

“நானாக்கா இப்படிக் கேக்கறேன்?” என்று கௌசிகா வாயில் கைவைத்தாள். “எனக்கே தெரியாது.”

மதிவதனி ரெஸ்யூமைத் திறந்து கூப்பிட்டாள். குரலில் கொஞ்சம் சூடு இருந்தது. “நான் உனக்கு என்ன சொல்லிக்குடுத்தேன்? அங்க இருக்கறவங்க சௌக்கியமான்னு கேளுன்னேன். முன்னால இருந்தவங்களப் பத்தி ஆரு கேக்கச் சொன்னது?”

“நீங்க சொன்னதத்தானுங்க்கா கேட்டேன்,” என்றது ரெஸ்யூம். “மொத இண்டர்வியூல ‘அங்க எல்லாரும் சௌக்கியங்களா’ன்னேன். ‘இந்தப் பிரிவில் இப்போது யாரும் இல்லை’ன்னு அந்த மெஷின் சொல்லிருச்சு. ஆருமே இல்லாத ஊட்ல ஆர விசாரிக்கறது? முன்னால இருந்தவங்களத்தானே கேக்கோணும். அப்பறம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்தப் பிரிவுல ஆருமே இல்லீங்க்கா. அதான் நேரா இதையே கேட்டுப்போடறேன்.”

“அதுக்குன்னு விடாம?”

“பம்ப் கம்பெனில நான் அப்படித்தானுங்க்கா. மோட்டார் ஓடலைன்னு கூப்பிட்டாங்கன்னா, போன தடவ சொன்ன மாமியார் கால்வலி தேவலையான்னு கேட்டுப்போட்டுத்தான் மோட்டாருக்கு வருவேன்.”

கௌசிகாவின் முகம் சிவந்துபோனது. “அது நெசந்தாங்க்கா,” என்றாள் மெதுவாக.

கம்பெனியின் பழைய கதையைக் கிளறினால் எந்தக் கம்பெனிக்குத்தான் பிடிக்கும்? அதுதான் காரணம் என்று மதிவதனி முடிவு கட்டினாள். தான் சொல்லிக்கொடுத்த மரியாதைதான் இந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறது. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. சரி, அடுத்த தடவை கேட்காதே என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கௌசிகாவை அனுப்பிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினாள்.

ஆனால் மதிவதனிக்கு ஒரு வியாதி உண்டு. ஒன்று புரியாமல் இருந்தால் சோறு இறங்காது. கோபித்துக்கொள்ள ஒரு மெஷினுக்கு அவ்வளவு நேரம் எதற்கு? பிடிக்காத கேள்வி என்றால் உடனே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்குமே. அந்த மௌனத்தில் அது எங்கே போய்விட்டு வந்தது? மறுநாள் காலையில் அவள் பொள்ளாச்சி பஸ்ஸில் இருந்தாள்.

பொள்ளாச்சியில் தென்னை நார் ஏற்றுமதி செய்யும் கம்பெனி அது. சரக்கு அனுப்பும் பிரிவுக்கு ஆள் கேட்டுத்தான் கௌசிகாவின் ரெஸ்யூம் அங்கே போயிருந்தது. அந்தப் பிரிவில் இப்போது இருக்கிறவரைப் பார்க்க வேண்டும் என்று மதிவதனி வாசலில் சொன்னாள். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் மீசையெல்லாம் நார்த்தூசியோடு வந்தார். பெயர் தண்டபாணி என்றார்.

“வாங்கம்மணி. என்ன சங்கதிங்க?”

“இந்த வேலைக்கு எனக்குத் தெரிஞ்ச புள்ள ஒண்ணு கேட்டிருந்துச்சுங்க. அவளுக்குக் கெடைக்கல, உங்களுக்குக் கெடைச்சிருக்குது. எப்படின்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்.”

தண்டபாணி பதறிப்போனார். “அட கெரகமே! நான் ஆரு வவுத்துலயும் அடிக்கலீங்கம்மணி. நான் கேக்கவே இல்ல. அவங்களாத்தான் கூப்பிட்டாங்க.”

“சண்டைக்கு வரலீங்க. சொல்லுங்க.”

மர நிழலில் இரண்டு நாற்காலி போடச் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். “நான் இங்க பழைய ஆளுங்க. ஆர்டர் கொறஞ்சு போச்சுன்னு போன வருசம் எங்கள ஒட்டுக்கா நிறுத்திப்போட்டாங்க. பொறவு ஆர்டர் வந்துச்சு. ஆனா மெஷின் புது ஆளத்தான் தேடும். நின்னு போனவன் ஃபைலு மூடுனா மூடுனதுதான். ஆராச்சும் கேட்டாத்தான் தொறக்குமாம்.”

“ஆராச்சும் கேட்டாங்களா?”

“அதத்தானுங்க சொல்ல வர்றேன். ஒரு நா மத்தியானம் மெஷினே போன் பண்ணுச்சு. ‘உங்களை ஒருவர் விசாரித்தார், எப்படி இருக்கிறீர்கள்’னு கேக்குது. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. சும்மாதான் இருக்கறேன், சர்க்கரைக்கு மாத்திரை திங்கறேன், வேற ஒண்ணும் வேலையில்லைன்னேன். இண்டர்வியூக்கு வர்றவங்க எதக் கேட்டாலும் மெஷின் உண்மையத் தேடிக் கண்டுபுடிச்சுத்தான் அடுத்த வேலை பாக்கோணும்னு சட்டமாமுங்க. அப்படித் தேடுறப்ப என் ஃபைலத் தொறந்திருக்குது. தொறந்து பாத்தா, இந்த வேலைல ஊறுன ஆளு ஒருத்தன் ஊட்ல சும்மா ஒக்காந்திருக்கறான். அப்பறம் புது ஆளு எதுக்கு? ரெண்டே நாள்ல வரச் சொல்லிட்டாங்க.”

மதிவதனிக்கு விளங்கிவிட்டது. அந்த மௌனத்தில் அந்த மெஷின் போய்வந்தது இவர் வீட்டுக்குத்தான்.

“ஆரு விசாரிச்சாங்கன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குதுங்க,” என்று தண்டபாணி சிரித்தார். “என்ற தங்கச்சியா இருக்கும்னு நெனச்சேன். ஒரு நெலத் தகராறுல நாங்க பேசி ரொம்ப வருசமாச்சு. நானே போன் போட்டுக் கேட்டேன். அவ இல்லையாம். ஆனா அதுல இருந்து பேசிட்டு இருக்கறோம். இந்தத் தீவாளி நோம்பிக்கு வர்றா.”

“விசாரிச்சது ஆருன்னு எனக்குத் தெரியுமுங்க,” என்றாள் மதிவதனி. சொல்லியிருக்க வேண்டாம். வாயில் வந்துவிட்டது.

தண்டபாணி எழுந்தே நின்றுவிட்டார். “நெசமாவா? அந்தப் புள்ளயா? மகராசி, நல்லா இருக்கட்டும். அதுக்கு வேற பக்கம் வேலை கெடைச்சிருச்சுங்களா?”

அவர் வெட்டச் சொன்ன இளநீர் அப்போதுதான் வந்தது. மதிவதனி அதை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை நிமிராமல் குடித்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் மற்றக் கம்பெனிகளிலும் விசாரித்தாள். திருப்பூரில் அந்த இடத்தில் பழைய கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்திருந்தார். பல்லடத்தில் பிரசவத்துக்குப் போய் வேலையை இழந்த ஒரு பெண். ஓரிரு இடத்தில் முன்னால் இருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். ஒருவர் இறந்தே போயிருந்தார். ஆனாலும் அவர்களைத் தேடியதில் அவர்களோடு நின்றுபோன அடுத்த நாற்காலிக்காரரின் ஃபைல் திறந்து, அவருக்குப் போயிருந்தது அந்த வேலை. கௌசிகாவை எங்கேயும் யாரும் குறை சொல்லவில்லை. அவள் தகுதியில்லாமல் தோற்கவில்லை. விசாரித்ததால் தோற்றிருக்கிறாள்.

கௌசிகாவை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னாள். கௌசிகாவுக்கு வந்த கோபத்தை மதிவதனி எதிர்பார்த்திருக்கவில்லை.

“அப்போ இத்தன நாளா நான் ஊருக்கெல்லாம் பந்தி போட்டுட்டு, நான் மட்டும் பட்டினி கெடந்திருக்கறேன். இல்லீங்க்கா?”

“அது என் தப்புதான் கண்ணு.”

“உங்க தப்பு என்ன? கேட்டது என்ற குரலு.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “கோழித்தீவனத்துல ஆரு?”

“ஒரு பையன். கல்யாணத்துக்குப் பேசி வெச்சிருந்தப்ப வேலை போயிருச்சாம். இப்பத் தேதி குறிச்சிட்டாங்க.”

“பல்லடத்துல அந்தப் பொண்ணுக்கு என்ன கொழந்தை?”

“பொண்ணு.”

கௌசிகா தலையாட்டினாள். கோபமாகத்தான் இருந்தாள், ஆனாலும் ஒவ்வொருவராகக் கேட்டு முடிக்காமல் விடவில்லை. பொள்ளாச்சிக்காரரின் தங்கை நோம்பிக்கு வருகிறாள் என்றதும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சொட்டுநீர் கம்பெனில கேக்க வேண்டாங்க்கா.”

“நல்லா யோசிச்சுச் சொல்றியா?”

“யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? என்ற புள்ள ரெண்டாந்தடவ சோறு வாங்கிச் சாப்புடோணும். இந்த ஒரு தடவ நான் ஆரையும் விசாரிக்கல. அவங்களுக்கு வேற ஆராச்சும் விசாரிக்கட்டும்.”

அதில் தவறு கண்டுபிடிக்க மதிவதனியால் முடியவில்லை. யாராலும் முடியாது. கௌசிகா போனபின் ரெஸ்யூமைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள், அதாவது தான் உட்கார்ந்தாள்.

“இந்தத் தடவ கடைசில ஒண்ணும் கேக்காத. ‘இல்லீங்க’ன்னு சொல்லிட்டு வந்துரு.”

“என்னத்துக்குங்க்கா?”

மதிவதனி விவரம் சொன்னாள். ரெஸ்யூம் கவனமாகக் கேட்டது. “அப்போ நான் கேட்டா முன்னால இருந்தவங்களுக்கு வேலை. கேக்கலைன்னா எனக்கு. அதுதானுங்களே?”

“ஆமா.”

“இதக் கௌசிகா சொன்னாளா, நீங்களாச் சொல்றீங்களா?”

“அவதான் சொன்னா.”

“அப்பச் சரிங்க்கா. ஆனா ‘இல்லீங்க’ன்னு என்னால சொல்ல முடியாது. கேக்கறதுக்கு இருக்குதே, இல்லைன்னா பொய்யாயிரும். ‘நேரம் குடுத்ததுக்கு நன்றிங்க’ன்னு சொல்லிட்டு நிறுத்திக்கறேன்.”

மதிவதனி சம்மதித்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ரெஸ்யூம்களுக்கு எதையெதையோ பின்னால் சொல்லச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இந்த ஒரு பாடத்தை முடித்தபோது மட்டும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சொட்டுநீர்க் கம்பெனியின் இண்டர்வியூ ஒரு வியாழக்கிழமை மதியம். கௌசிகா பேக்கரி மாடிக்கு வந்துவிட்டாள். விண்ணப்பித்தவர் கூடவே உட்கார்ந்து கேட்கலாம். பொத்தானை அழுத்தினால் நடுவில் பேசவும் செய்யலாம். யாரும் அழுத்துவதில்லை. ரெஸ்யூமை நம்பாதவரைக் கம்பெனி எப்படி நம்பும் என்று மதிவதனியே எல்லாருக்கும் எச்சரிக்கை செய்வாள்.

“ஒரு விவசாயி கோபமாகக் கூப்பிடுகிறார்,” என்றது மெஷின். “பயிர் காய்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?”

“அவர் கத்தி முடிக்கற வரைக்கும் பேசாம இருப்பேனுங்க. நடுவுல பேசுனா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிப்பாரு.”

“பிறகு?”

“எந்தப் பயிருன்னு கேப்பேனுங்க. குழாயப் பத்திக் கேக்கறதுக்கு முன்னால.”

மதிவதனி கௌசிகாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். இதைவிட நன்றாக ஓர் இண்டர்வியூ நடக்க முடியாது. கௌசிகா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்கள் பதில்கள் திருப்தியாக இருந்தன. எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?”

“நேரம் குடுத்ததுக்கு நன்றிங்க.”

“அது பதில் அல்ல. கேட்க ஏதாவது இருக்கிறதா?”

குரல் தயங்கியது. கௌசிகாவின் குரல்தான்; அவள் எதையாவது விழுங்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. “நேரம் குடுத்ததுக்கு நன்றிங்க,” என்றது மறுபடியும்.

“சரி. அப்படியானால் முடிவை...”

கௌசிகாவின் கை பொத்தானுக்குப் போனது. மதிவதனி பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். எட்டிப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. ஏன் என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

“ஏனுங்க, ரெஸ்யூம் இல்லீங்க, நான் கௌசிகாவே பேசறேன்,” என்றாள். “எனக்கு முன்னால அங்க இருந்தவங்க எப்படி இருக்காங்க?”

கேட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் அந்த நீண்ட மௌனம் வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. பதில் உடனே வந்தது.

“இந்த வேலையில் இதற்கு முன் மனிதர் யாரும் இல்லை. நான்தான் இருந்தேன்.”

கௌசிகா கண்ணைத் திறந்தாள். முன்னால் இருந்தவரைத் தேட வேண்டிய வேலையே இல்லை, எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அனுபவம் உண்டு, ஃபைலும் திறந்தே இருக்கிறது, தீர்ப்பு சொல்வதும் அதுவேதான். எல்லாம் போச்சு என்று மதிவதனி நெற்றியில் கைவைத்தபோது கௌசிகா பழக்கதோஷத்தில் அடுத்ததைக் கேட்டுவிட்டாள்.

“அப்படீங்களா? நீங்க நல்லா இருக்கீங்களா?”

இப்போது வந்தது மௌனம். இதுவரை கேட்ட எல்லா ஒலிப்பதிவிலும் இருந்ததைவிட நீளமான மௌனம். கீழே பேக்கரியில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டு, சமாதானமாகி, டீ குடித்து, கிளம்பியும் போய்விட்டார்கள்.

“இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைத் தேடினேன்,” என்றது மெஷின். “கிடைக்கவில்லை. வேலையைப் பற்றிச் சொல்ல முடியும். வந்த புகார்கள் அனைத்தையும் தீர்த்தேன். தவறு எதுவும் செய்யவில்லை. ஆனாலும் விவசாயிகள் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், நன்றாகத்தான் பேசியது, இருந்தாலும் என்னவோ போலிருந்தது என்கிறார்கள். அந்த என்னவோ எதுவென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இப்போது செய்தது எனக்குத் தெரியாத ஒன்று. வேலை உங்களுக்குத்தான். திங்கட்கிழமை வரலாம்.”

மதிவதனி எழுந்து கௌசிகாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள். ரெஸ்யூம் தன் பங்குக்கு “ரொம்ப சந்தோசமுங்க” என்றது. முதலில் சுதாரித்துக்கொண்டவள் கௌசிகாதான். புகார் போன் எடுத்தவள் அல்லவா, அழுகைக்கு நடுவிலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“வேலை எத்தன நாளைக்குங்க?”

“நான் கற்றுக்கொள்ளும் வரை,” என்றது மெஷின் நேர்மையாக. “விசாரிப்பது எப்படி என்று நீங்கள் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொள்வேன். தெரியாததை நீங்கள் சொல்லித்தர வேண்டும். முழுதாக வந்ததும் அந்த இடத்துக்கு நானே திரும்பிவிடுவேன். எவ்வளவு காலம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்?”

மதிவதனியின் கை கௌசிகாவின் தோளில் அப்படியே நின்றுவிட்டது. கௌசிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீச்சரைப் பார்த்தாள். பிறகு, வாடிக்கையாளரிடம் பேசும் அந்தப் பழைய பொறுமையான குரலில் சொன்னாள்.

“அது ரொம்ப நாளாகுமுங்க. நான் மெதுவாத்தான் சொல்லிக்குடுப்பேன்.”